மூடியில்லாத மிஷின்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை நான் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை வரைக்கும் இடுப்புக்குக் கீழே தொங்கிய இரட்டைப் பின்னல். திங்கட்கிழமை காதை மறைக்கக்கூட முடியில்லை. கேட்டவர்களிடமெல்லாம் "பேன்" என்று சொன்னேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருபவள் அன்று ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். போன மாதம் நம் வகுப்பு கூடியபோது, அறுபதைத் தொட்ட பிறகும், ஒருத்தி என்னைப் "பேன்காரி" என்று கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு, இத்தனை வருஷம் கழித்தாவது உங்களிடம் சொல்லிவிடவேண்டும் என்று தோன்றியது. என் தலையில் பேன் இல்லை.

அப்பா அதற்கு முன்னால் ஆரணியில் ஓர் அரிசி மில்லில் ஃபிட்டராக இருந்தார். நான் ஐந்தாவது படிக்கும்போது அந்த வேலையை விட்டுவிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டார். தெருவில் வீட்டுக்கு வீடு தறி. தறிக்கு மேலே ஜக்காடு பெட்டி வைத்து, பூவும் மயிலும் விழ ஜரிகைக் கரை நெய்வது அப்போது எல்லோரும் பிடித்துக்கொண்ட வேலை. பெட்டி கெட்டுப்போனால், கம்பி வளைந்தால், பலகை பிளந்தால் அப்பாவிடம் தூக்கி வருவார்கள். கொட்டகையில் மேசையில் முடுக்கிய ஒரு கிடுக்கி, இரண்டு அரம், கையால் சுற்றித் துளை போடும் ஒரு கைத்துரப்பணம், அவ்வளவுதான். கைத்துரப்பணத்தைச் சுற்றிச் சுற்றி அப்பாவின் வலது தோள் இடது தோளைவிடச் சற்று இறங்கியே இருக்கும். அம்மா முன்கட்டில் உட்கார்ந்து கூலிக்குப் பட்டு நூல் இழைப்பாள்.

ஐப்பசியில் ஒருநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. கோணிப்பைகளால் மூடி, தாம்புக்கயிறு போட்டுக் கட்டிய எதையோ நாலு பேர் முக்கிக்கொண்டு இறக்கினார்கள். கொட்டகையில் நிறுத்திக் கோணியை உருவியபோது அப்பாவைவிட ஒரு முழம் உயரமாக ஒரு இரும்புத்தூண் நின்றது. துளை போடும் மிஷின். டிரில்லிங் மிஷின் என்று அப்பா சொன்னார்.

"எங்க வாங்கினீங்க?" என்று அம்மா கேட்டாள்.

"வேலூர்ல. காயலான் கடையில."

அதைப் பார்த்தால் யாருக்கும் பரிதாபம்தான் வரும். தூணில் துரு செதில் செதிலாக நின்றது. துளை போடும் தண்டைக் கீழே இறக்குவதற்கு மூன்று கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுதான் மிச்சம். தண்டைப் பிடித்து ஆட்டினால் விழப்போகிற பால்பல் மாதிரி ஆடியது. தண்டை இறக்கும் பல்வரிசையில் நாலு பல் முறிந்திருந்தது. பொருளை வைக்கிற இரும்பு மேசை முழுக்கக் குழி. கவனமில்லாதவர்கள் பொருளையும் துளைத்து, அதன் அடியிலிருந்த மேசையையும் குடைந்து வைத்திருந்தார்கள். உச்சியில் இரண்டு பெரிய பல்சக்கரங்கள், ஒன்று படுத்தும் ஒன்று நின்றும், ஒன்றையொன்று கடித்துக்கொண்டு திறந்தபடி கிடந்தன.

"வெள்ளைக்காரன் காலத்து மிஷின்மா. இதுக்குச் சாவே கிடையாது" என்றார் அப்பா. ஆனால் அவர் முகத்தில் மிஷின் வாங்கிய சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அவசரமும் இருந்தது. பஜாரில் பட்டுக்கடை வைத்திருந்த ஒரு முதலாளி தன்னிடம் கூலிக்கு நெய்யும் தறிகளுக்கெல்லாம் புதுத் துளைப்பலகை செய்யச் சொல்லியிருந்தார். ஜக்காடு பெட்டியிலிருந்து இறங்கும் நூல்கள் ஒன்றோடொன்று சிக்காமல் போக, ஒரு பலகைக்கு நூற்றுக்கணக்கில் மெல்லிய துளைகள் வேண்டும். ஒரு துளை கோணினாலும் சேலைக் கரையில் மயிலுக்குக் கழுத்து திரும்பிவிடும் என்பார் அப்பா. தைக்குள் பலகைகள் வேண்டும். செய்து கொடுத்துவிட்டால் அப்பா மறுபடி யாரிடமும் போய்க் கூலிக்கு நிற்கவேண்டாம். கைத்துரப்பணத்தால் அது ஆகிற காரியமில்லை.

அந்த வாரம் முழுவதும் கொட்டகையில் மண்ணெண்ணெய் வாசனைதான். கழற்றிய மரைகளை அப்பா பழைய சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். உப்புத்தாளால் தூணைத் தேய்க்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். துருத்தூள் மூக்கில் ஏறி, தும்மினால் கைக்குட்டை செங்கல் நிறமாகும். துருவுக்கு அடியிலிருந்து இரும்பு வெள்ளையாக எட்டிப் பார்த்தபோது கன்னத்தை அதில் வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

சனிக்கிழமை உச்சிப் பல்சக்கரத்துக்கு வந்தோம். சக்கரத்துக்கும் தண்டுக்கும் நடுவில் கிரீஸும் தூசியும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. அப்பாவின் விரல் அங்கே நுழையாது. நான் முக்காலிமேல் ஏறி, சைக்கிள் கம்பியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டுக் குடைந்தேன். அப்பா வெளியே வெயிலில் உட்கார்ந்து ஒரு மரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கொக்கியில் ஏதோ மாட்டியது. இழுத்தேன். கறுப்பாகச் சணல் மாதிரி வந்தது. இன்னும் இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. தண்டைச் சுற்றிச் சுற்றி இறுகிக் கிடந்ததை நான் பாவு நூல் பிரிக்கிற மாதிரி எதிர்ச்சுற்றாகச் சுற்றி எடுத்தேன். முழங்கை நீளத்துக்கு வந்தது. சிக்கெடுக்கலாம் என்று மண்ணெண்ணெய்ச் சட்டியில் அலசினேன். கிரீஸ் கரைந்து போனதும் கையில் இருந்தது பளபளவென்று இருந்தது. ஒரு முனையில் காய்ந்துபோன புளித்தோல் மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. அது என்னவென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

"அப்பா, இதப் பாரேன்."

அப்பா திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வெடுக்கென்று வாங்கினார்.

"சணல்மா. பழைய சணல்."

டீ எடுத்துக்கொண்டு வந்த அம்மா அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டாள். அம்மாவுக்கு நூல் என்றால் கண்ணே வேண்டாம். விரல் நுனியால் தொட்டே எது எந்த நூல் என்று சொல்லிவிடுவாள். டம்ளரை வைத்துவிட்டு அதை இரண்டு விரலால் ஒரே ஒரு தடவை உருவினாள்.

"சணலா இது? பொம்பள முடிங்க." முனையைப் பார்த்தாள். "ஐயோ, தோலோட கீது."

"இன்னா மிஷின வாங்கிகினு வந்திருக்கீங்க? யாரு முடி இது?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். "எனக்கெப்படித் தெரியும்? வேலூர்ல எவனோ வெச்சிருந்தது" என்று ஒரே பதில். நான் என் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டு நின்றேன். மண்ணெண்ணெய் காயக் காயத் தோல் இழுத்தது. எனக்கு வாந்தி வந்துவிட்டது.

அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள். முகம் கழுவிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். பாவு வெட்டுகிற பெரிய கத்தரியை ஆணியிலிருந்து எடுத்தாள். என்னைக் கீழே உட்காரவைத்து, ஒரு பின்னலைப் பிடித்து, காதுக்குப் பக்கத்தில் கத்தரியை வைத்தாள். இரண்டு மூன்று நறுக்கு. பின்னல் மடியில் விழுந்தது. நான் அலறினேன். அடுத்ததையும் வெட்டினாள்.

"உங்கப்பா அந்த மிஷின ஓட்டாம இருக்கப்போறதில்ல. நீயும் அங்க போயி நிக்காம இருக்கப்போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். வெட்டி முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிடப் பெரிதாக அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யாராவது கேட்டா பேனுன்னு சொல்லு" என்றாள்.

அந்த வார்த்தையைத்தான் திங்கட்கிழமை உங்களிடம் சொன்னேன்.

அடுத்து நான் சொல்லப்போகிறவளையும் உங்களுக்குத் தெரியும். கோடைக்காலத்திலும் தலையில் இறுக்கித் துணி கட்டி, அதன்மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, குழாயடிக்கு வருவாளே ஒரு அக்கா. நாம் "முக்காட்டக்கா" என்று கத்திவிட்டு ஓடுவோம். அவளுக்கு என்ன ஆனது என்று ஊரில் மூன்று நான்கு கதை உண்டு. தலையில் வியாதி என்பார்கள். புருஷனே மொட்டையடித்துத் துரத்திவிட்டான் என்பார்கள். மில்லில் வேலை செய்தபோது லாரிக்காரனோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதில் ஏதோ அடிபட்டது என்றும் ஒரு பேச்சு. தறி நெய்யும் அண்ணன் வீட்டின் பின்பக்கம் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து இருபத்தாறு வயதுக்குமேல் இருக்காது.

புதன்கிழமை சாயங்காலம் குழாயடியில் என் முறைக்கு நின்றேன். எனக்கு முன்னால் அவள் குடம் வைத்திருந்தாள். வேறு யாரும் இல்லை.

"இன்னா பாப்பா, முடிய இன்னாத்துக்கு வெட்டிகினே?"

"பேனுக்கா."

"பொய் சொல்லாத. பேனுக்கு இப்டி ஏறவும் எறங்கவுமா வெட்டுவாங்களா? இது பதறிப்போயி வெட்டின வெட்டு."

நாலு நாளாக யாரிடமும் சொல்லமுடியாமல் இருந்ததை அவள் ஒருத்திதான் கேட்டாள். சொல்லிவிட்டேன். மிஷின், பல்சக்கரம், சைக்கிள் கம்பி, மண்ணெண்ணெயில் அலசியது எல்லாம். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. குடம் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"மேசையில வலது கைப் பக்கம் ஒரு பெரிய குழி கீதா? அஞ்சு பைசா வுழற அளவுக்கு?"

"கீதுக்கா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது நான் போட்டது. வேலைக்குப் போன மொத நாளு" என்றாள்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு நடந்து வந்தாள். என் கையில் அலசிய முடி என் பக்கத்தில் நடந்து வருகிறவளுடையது என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

கொட்டகை வாசலில் அவளைப் பார்த்ததும் அப்பா எழுந்துவிட்டார். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அந்த அக்கா யாரையும் பார்க்கவில்லை. நேரே மிஷினிடம் போய்த் தூணில் கையை வைத்தாள். அப்புறம் மேசையைத் தடவினாள்.

"இதுதான்" என்றாள்.

"நீ எதுக்கும்மா இங்க வந்தே?" என்றார் அப்பா.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

"அண்ணனுக்குத் தெரியாம இன்னாக்கா?" என்றாள் அவள். கோபமே இல்லாமல், பஸ் எப்போது வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒரே மில்லுதானே. இது மேல இரும்பு மூடி ஒண்ணு இருந்துச்சு. பெல்ட்டு அடிக்கடி நழுவும். ஒவ்வொரு தபாவும் மூடியக் கழட்டி மாட்ட நேரமாவுதுன்னு மொதலாளி அத அறுத்துப் போடச் சொன்னாரு. அண்ணன்தான் ரம்பம் போட்டு அறுத்தாரு. மறு மாசம் என் முடி மாட்டிச்சு."

அவள் தலைத்துணியை அவிழ்த்தாள். ஒரு பக்கம் முடி இருந்தது. மறுபக்கம் நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை தோல் பளபளவென்று சுருங்கி, ஒரு மயிர்கூட இல்லாமல் இருந்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அப்பாவைப் பார்த்தேன். வேலூர் இல்லை, காயலான் கடை இல்லை. மில் முதலாளி வீட்டுப் பாகப்பிரிவினையில் மூடிக்கிடந்த, அப்பா முன்பு வேலை பார்த்த மில்லிலிருந்துதான் இந்த மிஷின் வந்திருந்தது. அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மிச்சத்தை அம்மா கேட்கக் கேட்க அவள் சொன்னாள். நெல்லை அள்ளி மேலே கொண்டுபோகிற தகரக் கிண்ணங்களுக்குத் துளை போடுவது அவள் வேலை. நழுவிய பெல்ட்டை மாட்ட முக்காலிமேல் ஏறிக் குனிந்த நேரத்தில் பின்னலைச் சக்கரம் இழுத்துக்கொண்டது. அரிவாளால் முடியை அறுத்துத்தான் அவளைப் பிரித்தார்கள். மிஷினுக்கு மூடியே கிடையாது, இவள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு லாரிக்காரனோடு பேசிக்கொண்டு நின்றாள் என்று மில் முதலாளி சொல்லிவிட்டார். அதைக் கேட்டுப் புருஷன் வீட்டில் அவளைச் சேர்க்கவில்லை. அவளுடைய அண்ணன் நாலு பெரியவர்களோடு மில்லுக்குப் போய் விசாரித்தபோது அப்பாவையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

"இந்த அண்ணன் இன்னா சொன்னாருன்னு தெரியுமாக்கா? 'நான் பாக்கல'ன்னு சொன்னாரு. நிஜந்தான். அன்னிக்கு அவரு லீவு."

அப்பா கிடுக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அந்த மில்லை விட்டு வந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பயந்து வந்துவிட்டார்.

"அந்த முடி எங்க?" என்று கேட்டாள் அவள்.

அப்பா ஒரு பழைய பிஸ்கட் தகர டப்பாவை எடுத்துத் திறந்தார். வேஸ்ட் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவள் அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "ஆத்துல தண்ணி வரச்சொல்ல வுட்டுடறேன்" என்றாள். வாசல் வரை போனவள் திரும்பினாள். "மூடி போட்டுட்டு ஓட்டுண்ணா. போடாம ஓட்டாத."

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போட்டுவிட்டு நூல் இழைக்கப் போய்விடுவாள். மூன்றாம் நாள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள்: "மூடி போட்டாப் போதுமா? அந்தப் பொண்ணோட அண்ணங்கிட்ட போயி நடந்தத சொல்லுங்க."

"சொன்னா பலகை ஆர்டர் போயிடும்" என்றார் அப்பா. "பட்டுக்கடைக்காரு யாருன்னு நெனச்சே? மில்லுக்காரரோட தம்பி. மிஷினக் குடுத்ததும் அவருதான்."

அம்மா எழுந்து நூல் இழைக்கப் போய்விட்டாள்.

அப்பா வேலையைப் பார்த்தார். தேய்ந்துபோன பேரிங்குக்குப் பதிலாகத் தண்டு ஆடாமல் பிடிக்கப் பித்தளையில் புஷ் கடைந்து வாங்கி வந்தார். முறிந்த பற்களுக்கு வெல்டிங் வைத்து, அரத்தால் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கினார். மூங்கில் சீவுகிற மாதிரி மெல்ல மெல்ல, ஒரு பல்லுக்கு அரைநாள். கனமான தகட்டை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி வளைத்து உச்சிக்கு மூடி செய்தார். இத்தனையும் செய்த பிறகும் மோட்டாரைப் போட்டு ஒரு துளை இறக்கினால் அது கோணியது. மறுபடி கழற்றினார். தண்டு வளைந்திருக்கிறதா என்று கண்ணாடித்துண்டு மேல் உருட்டிப் பார்த்தார். மூன்று நாள் பிடிபடவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் அந்த அக்கா வந்தாள். அம்மாதான் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "தண்டு நல்லாத்தான் கீதுண்ணா. மேசைதான் சாஞ்சிருக்குது. மில்லுல தவிட்டு மூட்டைய தூக்கி அது மேலதான் போடுவாங்க" என்றாள்.

அப்பா மூலைமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தார். மேசைக்கும் மட்டத்துக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி. மேசையின் கழுத்துக்கு அடியில் மெல்லிய தகரம் கொடுத்து முடுக்கினார். மோட்டாரைப் போட்டார். தேக்குப் பலகையில் துளை இறங்கியது. மரத்தூள் சுருள் சுருளாக வந்தது. பலகையைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்தபோது, அந்தச் சின்னத் துளை வழியே வெளிச்சம் ஊசிபோல நேராக வந்தது. அப்பா அதை முதலில் அவளிடம்தான் கொடுத்தார். அவள் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள்; மறுநாளிலிருந்து பலகைக்குக் கோடு கிழிக்க வந்துவிட்டாள்.

முதல் பலகை தயாரான அன்று பட்டுக்கடை முதலாளி ஸ்கூட்டரில் வந்தார். மடிப்புக் கலையாத வேட்டி, நெற்றியில் சந்தனம். பலகையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பரவால்லியே மேஸ்திரி, செத்த மிஷின எழுப்பிட்டியே" என்றார். அப்போதுதான் மூலையில் பலகைக்குக் கோடு கிழித்துக்கொண்டிருந்த அந்த அக்காவைப் பார்த்தார்.

"இவ இன்னா இங்க? மிச்சம் இருக்கற முடியையும் குடுத்துட்டுப் போலாம்னு வந்தாளா?" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, அவரும் ஒரு சிரிப்பு மாதிரி உதட்டைக் கோணினார். அந்தக் கோணலை என்னால் தாங்கமுடியவில்லை. வாய் தானாகப் பேசிவிட்டது.

"மூடிய அறுத்தது எங்கப்பா. அறுக்கச் சொன்னது உங்க அண்ணன்."

வீட்டுக்குள் அம்மாவின் ராட்டைச் சத்தம் நின்றது. எதிர்வீட்டுத் தறிக்காரர் பலகை வாங்க வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரும் கேட்டார். முதலாளி என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"இன்னாய்யா சொல்லுது உன் பொண்ணு?"

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாங்க" என்றார்.

முதலாளி கத்துவார், அடிக்க வருவார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கத்தவில்லை. பலகையைக் கீழே வைத்துவிட்டு, கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"அதான் எல்லாருக்கும் தெரிஞ்சதாச்சே மேஸ்திரி. எங்க வூட்ல பொம்பளைங்களுக்குக்கூடத் தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு பேஜார் பண்றே?"

நான் அன்றைக்குக் கேட்டதிலேயே அதுதான் கொடுமை. அந்த அக்கா கோடு போடுகிற ஆணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

எதிர்வீட்டுத் தறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தெரிஞ்சிகினேவா எல்லாரும் அப்டிப் பேசினாங்க?" என்றாள் மறுபடி. சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வலியில் அழுதிருப்பாள், அவமானத்தில் அழுதிருப்பாள், எல்லாம் முடிந்திருக்கும். அன்று அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. அம்மா ஓடிவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

முதலாளி, "பலகைங்க வேணாம். நான் காஞ்சிபுரத்துல பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார்.

மறுநாள் காலையில் அவளுடைய அண்ணன் வந்தார். எதிர்வீட்டுத் தறிக்காரர் மூலம் சேதி போயிருந்தது. ஒல்லியான மனுஷன். அப்பாவின் சட்டையைப் பிடிப்பார் என்று தெருவே எதிர்பார்த்தது. அவர் வாசலில் நின்று, "அன்னிக்கே ஏன்யா சொல்லல? நான் கேட்டனே" என்று மட்டும் கேட்டார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவர் தங்கையிடம் திரும்பி, "வூட்டுக்கு வாம்மா, ஒண்ணா சாப்டலாம்" என்றார். அவள், "மில்லுல கேட்டே, ஊர்ல கேட்டே. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாண்ணா?" என்றாள். அவர் அங்கேயே உடைந்து அழுதார். அவள் போனாள்தான். ஆனால் அன்றைக்குப் போகவில்லை. ஒரு மாதம் கழித்துப் போனாள். புருஷன் அதற்குள் வந்தவாசிப் பக்கம் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த வாழ்க்கை திரும்பவில்லை.

எங்களுக்குக் கஷ்டமாகத்தான் போயிற்று. பெரிய கடைக்காரர்கள் யாரும் அப்பாவிடம் வேலை கொடுக்கவில்லை. கொஞ்ச வருஷம் அங்கே இங்கே ரிப்பேர் வேலைக்குப் போனவர், வேலூர் பக்கம் கம்பெனி வந்ததும் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்துவிட்டார். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருவார். மிஷின் சும்மா நிற்கவில்லை. ஒரு தறி, இரண்டு தறி வைத்திருந்தவர்கள் சொந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மிஷினை ஓட்டியது அந்த அக்கா. கூடமாட இருந்தது அம்மா. தலைத்துணியை அவள் விடவில்லை. ஆனால் மேலே முந்தானையை இழுத்துவிடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். நாம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற வரைக்கும், அதற்குப் பிறகும் இரண்டு வருஷம், அந்த மிஷினை அவள்தான் ஓட்டினாள். அப்புறம் அவளுக்குப் போளூரில் தையல் கற்றுக்கொடுக்கிற வேலை கிடைத்துப் போய்விட்டாள். ஒருநாள்கூட யாருக்கும் அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை.

இதையெல்லாம் நான் என் மனதுக்குள் ஒரு விதமாக அடுக்கி வைத்திருந்தேன். அப்பா செய்த தப்பு உறுத்தி உறுத்தி, அதைச் சரிசெய்யத்தான் அந்த மிஷினைத் தேடி வாங்கினார் என்று. என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொன்னேன். அம்மா போன பிறகு அப்பா என்னோடு வந்து இருந்தார். ஒருநாள் காலையில் அவருக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே, "உறுத்தல் தாங்காமத்தான அந்த மிஷின வாங்கினே?" என்று கேட்டேன்.

அப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

"இல்ல. வேற எவனாவது வாங்கினா, மூடி அறுத்த தடத்தப் பாத்துடுவான். மூடியே கிடையாதுன்னு சொன்னது பொய்யாயிடும். என் பேரு வெளிய வரும். அந்த பயத்துலதான் முந்திகினு வாங்கினேன். வந்த மறுநாளே, நீ பள்ளிக்கூடம் போயிருக்கச் சொல்ல, அரத்தப் போட்டு அந்தத் தடத்த வழிச்சிட்டேன்."

இட்லித் துண்டு என் கையிலேயே இருந்தது. ஐம்பது வயதில், மருமகள் எடுத்தவள், அந்த நாற்காலியில் பன்னிரண்டு வயதுப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"வேலைக்கு வந்த மொத வாரமே கேட்டா. 'தடத்த எதுக்குண்ணா தேச்சே?'ன்னு. நான் ஒண்ணும் சொல்லல. அவ எண்ணெய்க் கேன எடுத்து சக்கரத்துக்கு எண்ணெய் வுட ஆரம்பிச்சிட்டா. அப்புறம் அதப் பத்திப் பேசினதே இல்ல."

"அவ்ளோ பயந்த நீ அன்னிக்கு முதலாளிகிட்ட எப்டி 'ஆமா'ன்னு சொன்னே? இல்லன்னு சொல்லியிருக்கலாமே. சின்னப் பொண்ணு ஒளறுதுன்னு சொல்லியிருக்கலாமே."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் புரை விழுந்து வெளுத்திருந்தது.

"இல்லன்னுதான் சொல்ல வாயெடுத்தேன்" என்றார். "நீ என் மூஞ்சியவே பாத்துகினு நின்னே."